அவளையும் ஏற்றி எடை

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்தாக வேண்டும். திருநெல்வேலியில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கோ கண் பார்வை மங்கிவிட்டது, தனியாக பஸ் ஏற முடியாது. இரண்டு பேரும் தினமும் போனில் பேசுவார்கள். பேசி முடித்ததும் இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அந்தப் பழைய கேம்பர் வேனை வாங்கினேன். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. மரவேலை அத்தனையையும் யாரோ தேக்கிலேயே அடித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குச் செய்ய வேண்டியதை வண்டிக்குச் செய்த புண்ணியவான்.

டயர்களில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் வரிகள், தேயவே இல்லை. நல்ல அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பேச்சுக்குத்தான் எங்கள் ஊர்த் தம்பானூரில் இருக்கும் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள். குனிந்து டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்தி விரித்தார். மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். அங்கே பதித்திருந்த எண்ணைப் படித்து வயதையும் சொன்னார். ஒன்பது வருஷம். ஓடித் தேயாமல், வெயிலில் நின்றே கெட்டுப்போன டயர்கள்.

அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று கார் டயர் மாதிரி, மெத்தென்று போகும். இன்னொன்று சரக்கு வண்டிகளுக்கானது, தடித்தது, காற்றும் அதிகம் அடிக்க வேண்டும், ரோட்டில் கிடக்கும் கல்லெல்லாம் உள்ளே தெரியும். அவள் முதுகுக்கு மெத்தென்றதுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எந்த டயர் தாங்கும் என்பதை வண்டியின் எடைதான் சொல்லும், பின் சக்கரங்களைத் தனியாகவும் எடை பார்த்து வாருங்கள் என்று அனுப்பினார்.

எனக்கா எடை பார்க்கத் தெரியாது? ஆரியசாலைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருஷம் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தவன். லாரி எடை மேடையில் ஏறினால் டிரைவர் இறங்க வேண்டும், அவருடைய தண்ணீர்க் கேனும் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவரின் தொப்பையையும் மிளகாய் விலைக்கு வாங்கியதாகிவிடும். அதே சுத்தத்தோடு இதையும் செய்தேன். காலையிலேயே தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கேஸ் சிலிண்டர், மெத்தை, பாத்திரங்கள், அவளுடைய சக்கர நாற்காலி எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவைத்தேன். நானும் மேடையைவிட்டு இறங்கி நின்றுகொண்டேன். வந்த எடையை மெத்தென்ற டயர் தாங்கும்.

சீட்டைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். பரீட்சையில் பாஸான பையனைப் போல நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் சீட்டைப் பார்க்கவில்லை, அறையில் குவிந்து கிடந்த சாமான்களைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எறக்கிட்டு, என்னையும் இங்க போட்டுட்டு எடை பாத்திருக்கீங்க. அப்பம் அந்த டயரு நான் இல்லாம போறதுக்குத்தான் ஆகும்."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. தப்பு என்னுடையது என்பதால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போன் வந்தபோது, "வருவேன்க்கா, வண்டி ரெடியாகுது" என்று அவள் சொல்வது கேட்டது. அதற்கு மேல் எனக்கு வீம்பு பிடிக்க முடியவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். தொட்டியை நிரப்பினேன். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, மேடைக்கு ஓட்டினேன். எடை போடுகிறவர் வழக்கம்போல ஆள் இறங்கணும் என்று கை காட்டினார். ஆளையும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். முன்னால் வந்ததைவிட ஏகத்துக்கும் கூடியிருந்தது. பின் சக்கரங்களின் மேல் வரும் பாரத்தை மெத்தென்ற டயர் தாங்காது.

அப்போதும் எனக்கு மனசு வரவில்லை. அங்கிருந்து நேராக டயர் கடைக்கு ஓட்டினேன். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால் அந்த டயரே போதாதா என்று கடைக்காரரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"வெடிச்சா நீங்க குதிச்சிருவீங்க அண்ணாச்சி. மைனி என்ன செய்வாங்க?"

அவளுக்கும் அது கேட்டிருக்கிறது. தடித்ததையே போடச் சொல்லுங்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடுத்த வாரம் கிளம்பினோம். பாலராமபுரம் வரை சமாளித்துவிட்டேன். களியக்காவிளை தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் கட்டில் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் என் முதுகில் ஏறியது. ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். கடைசியில் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிவிடலாம் என்றேன்.

"வலிக்கத்தான் செய்யுது. வீட்டுல கிடந்தாலும் வலிக்கத்தானே செய்யுது. எடுங்க வண்டிய, அக்கா வாசல்ல வந்து நின்னுட்டிருப்பா."

நான் போய் வண்டியை எடுத்தேன். திருநெல்வேலி வரை எங்கும் நிறுத்தவில்லை.