மோடத்துக்கு வைத்த பொட்டு

தலத்தெருவில் முழங்கால் அளவு சேறு கிடந்த மனையில் மாடி வீடு எழுப்பியவன் நான். போலகத்தில் எங்கே குழாய் இறக்கினாலும் உப்புத்தண்ணீர்தான் என்று எல்லோரும் கைவிட்ட கொல்லையில் நல்ல தண்ணீர் எடுத்துக் காட்டியவனும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு சொந்தமாகப் பட்டறை போட்டேன். ஒரு புயலில் அதன் கூரை பறந்தபோது, மறுநாளே தார்ப்பாயைக் கட்டி அதற்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தேன். இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்ளும். கடைசியாக நான் செய்த ஒரு வேலையை மட்டும் என் வீடே ஒப்புக்கொள்ளவில்லை.

ஆயுதபூஜைக்கு, சோறு போடுகிற சாமான் ஒன்று விடாமல் துடைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். என் பட்டறையில் அந்தப் பொட்டை நான் ஓரமாக எங்கோ வைப்பதில்லை. ஸ்பேனருக்கு வாயில், திருப்புளிக்கு நுனியில் என்று எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் வைப்பேன். போன வருஷம், வீட்டுக்கு நெட் தருகிற மோடம் பெட்டியையும் பூஜையில் சேர்த்தேன். காரணம் இருந்தது. குழந்தை பிறந்ததால் வேலையை விட்டிருந்த என் மருமகள், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். விஜயதசமிக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவளுக்கு நேர்காணல். அது அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

"வேணாம் மாமா, அதக் கழட்டாதீங்க" என்றாள்.

"ஏம்மா, ஒன் லேப்டாப்புக்கு மட்டும் சாமி வேணும், இதுக்கு வேணாமா?"

நானே கழற்றினேன். நேர்காணல் அன்று காலை ஒன்பது மணிக்கு நானே திரும்ப மாட்டினேன். ஒரு விளக்கு பச்சையாக எரிந்தது. இன்னொன்று சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தது. நெட் வரவில்லை.

சென்னையில் இருக்கும் மகன், ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னான். நாலு தடவை செய்தோம். கம்பெனிக்கு போன் போட்டால், சாயங்காலம் ஆள் வரும் என்றார்கள். மருமகள் முகம் வாடிவிட்டது. "போன தடவ போன்லதான் பேசுனேன் மாமா. வீட்டுக்குள்ள சிக்னல் இல்லாம பாதியிலயே அந்துபோச்சு. அந்த வேல அதோட போச்சு."

எனக்குக் கவலையைவிட அந்தப் பெட்டி மேல் ஆசைதான் முந்திக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் சுவரில் தொங்குகிறது, நான் ஒரு நாளும் கேட்டதில்லையே!

"இந்த ஒயர்ல என்னம்மா ஓடுது? கரண்டா?"

"இல்ல மாமா, வெளிச்சம். உள்ள தலமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழ இருக்கு. அது வழியா வெளிச்சம் வருது."

"கண்ணாடியா? அப்ப எப்படி வளையுது?"

"மாமா, மணி பத்தாகப் போவுது!"

சரி, வெளிச்சமும் தண்ணீர் மாதிரி ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் வருகிற சரக்குதான். தண்ணீர் வராவிட்டால் நான் என்ன செய்வேன்? எதுவரை வருகிறது என்று பார்ப்பேன். பக்கத்து வீட்டில் விசாரித்தேன். அதே லைன், அங்கே நெட் இருந்தது. அப்படியானால் கோளாறு எங்கள் வீட்டுக்குள்தான். வாசலிலிருந்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். நசுங்கலும் இல்லை, மடிப்பும் இல்லை. மிச்சம் இருந்தது பெட்டிக்குள் செருகுகிற பச்சை முனை ஒன்றுதான். அதை உருவினேன்.

"உள்ள பாக்காதீங்க மாமா, கண்ணு போயிரும்!"

பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். நட்டநடு நுனியில், காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதயும் ஒங்க திருப்புளின்னு நெனச்சீங்களா?"

வேலை செய்கிற நுனியில்தானே வைத்தேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மருமகள் முனையை வாங்கித் துடைக்கப் போனாள். "குடும்மா, இது என் வேல" என்று வாங்கிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியில் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் தொட்டு, காயில் கம்பியைத் துடைக்கிற பக்குவத்தில், அழுத்தாமல் துடைத்தேன். காயவிட்டு, டக்கென்று சத்தம் வரும் வரை செருகினேன். சிவப்பு அணைந்தது. பச்சை மினுக்கி மினுக்கி நின்றது. மணி பத்து நாற்பது. மருமகள் லேப்டாப்போடு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கிருந்தோ அத்தனை தூரம் ஓடிவருகிற வெளிச்சத்தை ஒரு சிட்டிகை சந்தனம் நிறுத்திவிடுகிறதே, அது எப்படி? இன்றைக்கும் நான் யோசிக்கிற விஷயம் இது.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் மகன் கேட்டாலும், உறவுக்காரர்கள் கேட்டாலும், மருமகள் ஒரே பதிலைச் சொல்கிறாள்: "நெட்டு தானா வந்துருச்சு." பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"எப்படிச் சரியாச்சுன்னு சொன்னா, எதனால கெட்டுச்சுன்னும் கேப்பாங்கள்ல மாமா? ஒங்களுக்காகத்தான் சொல்லல" என்றாள்.

நல்ல பிள்ளை. ஆனால் என்னை யாரும் பொத்திக் காப்பாற்ற வேண்டாம். சந்தனம் வைத்தவன் நான்தான் என்று தாராளமாகச் சொல்லட்டும், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அதோடு சேர்த்து, லைன் தேடி, அடைப்பைக் கண்டுபிடித்து, இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும்போது நெட்டை வரவழைத்தவனும் நான்தான் என்று சொல்ல வேண்டும். எதுவும் தானாக வரவில்லை. போலகத்துத் தண்ணீரும் தானாக வரவில்லை, இதுவும் தானாக வரவில்லை. அடுத்த ஆயுதபூஜைக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால், என்னை நிற்கவைத்து, மருமகள் தன் வாயால் இதைச் சொல்லியாக வேண்டும்.