கையால் மூடிய பெயர் அட்டை

என் அண்ணன் காரணமில்லாமல் எதையும் செய்கிறவர் இல்லை. அவர் போன் செய்து, ஒரு நாள் கோயமுத்தூருக்கு வாங்க அம்மணி, மியூசியமெல்லாம் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய் வரலாம் என்றபோதே எனக்குப் பொறி தட்டியது. சோழியன் குடுமி சும்மா ஆடாது. ஆறு மாதம் முன்பு என் மகளுக்கு அவர் கொண்டுவந்த வரனை நான் வேண்டாம் என்றிருந்தேன். அந்த வீட்டாரைத் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஏதோ ஏற்பாடு என்று முடிவுகட்டி, மகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, வேண்டுமென்றே பழைய சேலையில் காரமடையிலிருந்து பஸ் ஏறினேன்.

முதல் மியூசியத்தில் கற்சிலைகள். அண்ணன் சிலைகளைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன். கல்யாண வயதுப் பையனோடு எந்தக் குடும்பம் நுழைந்தாலும் முறைத்தேன். யாரும் எங்களிடம் வரவில்லை.

அடுத்தது வன மியூசியம். பாலிஷ் போட்ட மரத்துண்டுகள், ஒவ்வொன்றின் கீழும் பெயர் அட்டை. அண்ணன் நாற்பது வருடம் ஃபவுண்டரியில் வார்ப்படத்துக்கு மர அச்சு செய்தவர். அட்டையை ஒரு கையால் மூடிக்கொண்டு, மறு கையால் மரத்தைத் தடவி ஒரு பெயரை முணுமுணுப்பார். பிறகு கையை எடுத்துப் பார்ப்பார். வரன் வீட்டார் வரும்வரை நேரத்தைக் கடத்துகிறார் என்று நினைத்தேன். ஒரு துண்டின் முன் "வேங்கை" என்றார். கையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன், தேக்கு. கண்ணாடியை மாத்தணும் அண்ணா என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

மதியம் ஆர்.எஸ்.புரத்தில் சித்தி வீடு. வாசலில் கிடந்த செருப்புகளை நோட்டம் விட்டேன். வெளியாள் செருப்பு இல்லை. உள்ளே சித்தியும் மருமகளும் பேத்தியும்தான். அண்ணன் சித்தியிடம் "ஏனுங்க, சௌக்கியமுங்களா" என்றார். மருமகளை அம்மணி என்றார், பேத்தியைக் கண்ணு என்றார். சித்திக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் உறுத்தியது. ஒரு தடவைகூட அவர் சித்தி என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஏனுங்க, அம்மணி, கண்ணு என்ற மூன்று சொல் இருந்தால் போதும், ஒருவரையும் அடையாளம் தெரியாமலே ஒரு கல்யாண மண்டபத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

சித்தி காப்பி போட உள்ளே போனதும், அண்ணன் எழுந்து சுவரில் மாலை போட்டிருந்த சித்தப்பா படத்தின் அருகே போனார். குனிந்து, படத்துக்குக் கீழே பெயர் அட்டை இருக்கிறதா என்று தேடினார்.

காலையிலிருந்து அவரைத் திருடனைப்போல வேவு பார்த்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் என்னவென்று கேட்டேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பேரெல்லாம் நழுவுதுங்க அம்மணி. ஊட்ல ஆருக்கும் சொல்லலை. எது எது மிச்சம் இருக்குன்னு பாத்துப்போடலாம்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

கையைப் பிடித்து, நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சந்தேகத்திலேயே ஊறிய புத்தி, கேட்டுவிட்டேன்.

"என் பேரு என்னண்ணா?"

சிரித்தார். "அம்மணிக்கு எதுக்குங்க பேரு?"

நான் பிறந்த நாள் முதல் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதனால் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி கேட்கப் பயமாக இருக்கிறது.