ஐஸ் தளத்தில் நான் கொட்டிய உப்பு

எண்பதுகளின் நடுப்பகுதி, ஒரு மாசி மாதம். சுவிஸுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பேர்ன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் ஐஸ் ஹொக்கி மைதானத்தில் எனக்குத் துப்புரவு வேலை. மேலே கூரை இருந்தாலும் நாலு பக்கமும் திறந்த மைதானம் அது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனாலோ என்னவோ, எதற்கெடுத்தாலும் பயம். தபால்காரர் வந்தால் பயம், வராவிட்டாலும் பயம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம் அது. வேலையில் ஒரு பிழை விட்டால் போதும், பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் அணியில் முழுநேரச் சம்பளத்துக்கு விளையாடியவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களில் ஒருவர் இறைச்சிக்கடைக்காரர், ஒருவர் தச்சர், இப்படி. லீக் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். இன்னும் இரண்டு ஆட்டங்கள் பாக்கி. இரண்டிலும் தோற்றால் கடைசி இடத்துக்குப் போய்க் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். தோற்பார்கள் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனாலும் செத்தவீட்டுக் கதைபோல அதே கதைதான்.

மைதானத்து வாசல் படிகளில் சனம் வழுக்கி விழாமல் உப்புத் தூவுவதும் என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்து வீரர்கள் வெளியே வரும்போது, தளத்துக்குள் இறங்கும் சின்னக் கதவடியில் ஒருவர் தடுமாறியதைக் கண்டேன். நாளைய ஆட்டத்தில் இவர் விழுந்து காலை முறித்தால் என்ன செய்வது என்று என் மனம் பதறியது. வாளியில் மிச்சமிருந்த உப்பை அந்தக் கதவடியில், உள்பக்கமும் சேர்த்து, தாராளமாகக் கொட்டினேன். அணிக்கு என்னால் ஆன உதவி என்று திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை வந்து பார்த்தேன். ஐஸைக் காணவில்லை. தளம் முழுக்கச் சொதசொதவென்று கஞ்சி மாதிரிக் கிடந்தது. சிவப்பு, நீலக் கோடுகள் கலங்கி ஓடின. கதவடியில் மட்டும் கீழேயிருக்கும் சீமெந்து தெரிந்தது. உப்பு ஐஸைக் கரைக்கும் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. படியில் கரைத்தது இங்கே கரைக்காதா?

ஒருவருக்கும் சொல்லாமல் அறைக்கு ஓடி வந்து பையில் உடுப்பு அடுக்கினேன். என்னோடு தங்கியிருந்த அண்ணை ஓட்டல் குசினியில் வேலை செய்பவர். நன்றாக ஜேர்மன் கதைப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்வளவு உப்படா போட்டனி?"

"அரை வாளி, அண்ணை."

"அரை வாளி எங்கடை குசினிச் சூப்புக்கே காணாது. அதிலை ஒரு மைதானம் கரைஞ்சதோ?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி வா, அவங்கள் கேக்க முதல் நாங்களே போய்ச் சொல்லுவம்" என்றார்.

நாங்கள் போனபோது மைதானத்துச் சிற்றுண்டிச்சாலையில் அரை ஊரே கூடி நின்றது. தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிய மீசைக்காரர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். பொலிசுக்குத்தான் கதைக்கிறார் என்று எனக்கு நிச்சயம். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு வசனம் சொன்னார். உடனே கதிரைகள் பறந்தன. சனம் முழுக்க வாசலடியில் நின்ற என் பக்கம் பாய்ந்து வந்தது. நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். அடி விழவில்லை. இறைச்சிக்கடைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார்.

"லீக்கிலை சொல்லீட்டாங்களாம், சீசன் இண்டையோட முடிஞ்சுதாம்" என்று அண்ணை என் காதுக்குள் கத்தினார். "சூடான காத்திலை மற்ற இடங்களிலையும் ஐஸ் கரைஞ்சு போச்சாம். மிச்ச ஆட்டம் ஒண்டும் இல்லை. இப்ப இருக்கிற பட்டியல்தான் முடிவு. இவங்கள் கீழை இறங்கேல்லை, தப்பீட்டாங்கள்."

அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் நான் மட்டும் அழுதுகொண்டு நின்றேன். உப்புக் கதையைச் சொல்லச் சொல்லி அண்ணையை நுள்ளினேன். அவர் சொன்னார். மீசைக்காரர் எங்களை இயந்திர அறைக்குக் கூட்டிப் போனார். ஐஸை உறைய வைக்கும் பழைய இயந்திரம் முதல் நாள் இரவே நின்றுபோயிருந்தது. உடைந்த துண்டை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு கதவடிக்கு வந்து, என் உப்பு தோண்டிய பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். பின்னால் வந்த சனத்தைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். மைதானமே அதிரச் சிரித்தார்கள்.

"மெசினுக்கு உதவிக்கு ஒரு ஆள் இருந்திருக்கு எண்டு சொல்லுறார்" என்றார் அண்ணை. "இனி உப்பைப் படியோட நிப்பாட்டட்டாம். திங்கக்கிழமை ஏழு மணிக்கு வேலைக்கு வரட்டாம்."

அன்று அந்தக் கஞ்சிக்குள்ளேயே ஒரு ஆட்டம் நடந்தது. சறுக்குச் சப்பாத்தும் இல்லை, ஹொக்கித் தடியும் இல்லை. எல்லோரும் ரப்பர் சப்பாத்து, கையில் நான் கூட்டுகிற விளக்குமாறுகள், ஒரு பழைய பந்து. என்னைக் கோலில் நிற்க வைத்தார்கள். பதினொரு கோல் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் தொபுக்கென்று விழ, எதிர்ப்பக்கத்துக்காரரே வந்து தூக்கிவிட்டார்கள். அந்த நாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. கொண்டுபோன பயம் எந்தக் கோலோடு போனது என்று தெரியாது.

சில வருடங்களுக்குப் பிறகு விசா கிடைத்து, சொந்தமாக ஒரு வீடு எடுத்தேன். குடிபுகுந்த அன்று மீசைக்காரர் வந்து ஒரு பாணும் ஒரு பை உப்பும் நீட்டினார். இன்னும் நக்கலடிக்கிறாரே என்று நினைத்தேன். புது வீட்டுக்குப் பாணும் உப்பும் கொண்டு போவது இவர்களுடைய வழக்கம் என்று பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னார். இப்போதும் மனம் வீணாகப் பதறத் தொடங்கினால் குசினிக்குப் போய் உப்புப் போத்தலைக் கையில் எடுப்பேன்; அந்த அரை வாளிக்காக நான் அடுக்கிய பை கண்ணுக்குள் வரும், சிரிப்பும் கூடவே வந்துவிடும்.