வெயில் மறைச்ச கண்ணு

கண்ணாடி போட்டவங்க வந்து உக்காந்தாலே எனக்கு எரிச்சல் வரும். ராயபுரத்துல ஸ்டுடியோ வெச்சிருந்த காலம் அது. லைட்டைப் போட்டா கண்ணாடியில பளிச்சுனு அடிக்கும், கண்ணு காணாமப் போயிடும். தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்கன்னா, ரயில்ல தூங்கறாப்ல தொங்கப் போடுவாங்க. அதுக்குன்னே லென்ஸைக் கழட்டின வெறும் பிரேம் ஒண்ணு வெச்சிருந்தேன். அதை மாட்டிவிட்டா வேலை முடிஞ்சுது.

ஹார்பர்ல வேலை பாத்த ஒருத்தர் திடீர்னு தவறிட்டாரு. முப்பதாம் நாள் பூசைக்குப் பெரிய படம் வேணும்னு அவர் சம்சாரம் வந்தாங்க, வயசுக்கு வந்த பொண்ணையும் கூட்டிக்கினு. அவரு படம்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, கூட வேலை செய்றவங்களோட உச்சி வெயில்ல நின்னு எடுத்தது. அவரு போட்டிருந்த கண்ணாடி ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ளை.

"கண்ண மட்டும் வெச்சுக் குடுண்ணே. கண்ணு இல்லாத படத்த வூட்ல எப்டி மாட்றது?"

பொண்ணுக்கு அப்படியே அப்பா கண்ணுன்னாங்க. சரின்னு வெறும் பிரேமை அதுக்கு மாட்டிப் படம் புடிச்சு, கண்ணை மட்டும் வெட்டி, பெருசு பண்ணின அப்பா படத்துல ஒட்டிக் குடுத்தேன். ஒட்டினதே தெரியலன்னு எனக்குப் பெருமை வேற. அந்தம்மா பாத்துட்டு, "யாருண்ணே இது?"ன்னாங்க.

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. "உன் பொண்ணு கண்ணுதாம்மா! நான் இன்னா கடையிலயா வாங்கியாந்தேன்?"

"கோச்சுக்காதண்ணே. அவருக்கு இம்மாம் பெரிய கண்ணு இல்ல. சின்னதா, உள்ளாற இருக்கும்."

அப்பத்தான் மண்டையில உறைச்சுது. தூரத்துல இருக்கறது தெரியாதவங்க போடற தடிச்ச கண்ணாடி, பின்னால இருக்கற கண்ணைச் சின்னதாக் காட்டும். இத்தினி வருஷமா அந்தம்மா பாத்துக்கினு இருந்தது அந்தக் கண்ணைத்தான். அவரு கண்ணாடியவே எடுத்துக்கினு வாங்கன்னு அனுப்பினேன்.

மறுநாள் அதைப் பொண்ணுக்கு மாட்டி, லைட்டை மேல தூக்கி, பக்கத்துல தள்ளி, ஒரு வழியா பளபளப்பைப் போக்கினேன். கண்ணு சின்னதாகி உள்ளாற போச்சு. எடுத்தும் முடிச்சேன். தலை சுத்துதுன்னு பொண்ணு கண்ணாடியைக் கழட்டப் போச்சு.

என் பின்னால நின்னுக்கினு இருந்த அந்தம்மா ஓடிவந்து அது கையைப் புடிச்சிட்டாங்க.

"கழட்டாதடி. இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பாரு."