கடலை போடாத காலைச் சாப்பாடு



மேல்மாடி வித்யாவையும் அவளுடைய ஆறு வயது மகள் நிலாவையும் இன்று காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். கடையில் டின்னில் விற்கும் கறுவாப்பட்டை பன் மாவை நேற்றே வெட்டித் தட்டில் அடுக்கி, முட்டையும் பாலும் ஊற்றி, பிரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் ஓவனுக்குள் தள்ளினால் போதும்.

வித்யா சென்னைக்காரி. நேற்றே போனில் சொன்னாள்: "அக்கா, பாப்பாவுக்குக் கடலை ஆகாது. ஒரு துண்டு போனாலும் மூச்சு அடைச்சிடும்."

"பயப்பிடாதேங்கோ. இனிப்புக்குள்ள ஆராவது கடலை போடுவினமோ?" என்று சிரித்தேன்.

இன்று நிலா கரண்டியை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கிறார்கள். "ஆன்ட்டி, இதுல அராஷீத் இருக்கா?"

எனக்கும் அந்தப் பிரெஞ்சுச் சொல் தெரியும். "ஓம் செல்லம், கச்சான்தானே? மேல நிறையத் தூவியிருக்கு."

கரண்டி கீழே விழுந்தது.

"கச்சான்னா வேர்க்கடலையா? நான் சொன்னேனேக்கா!" வித்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

யாழ்ப்பாணத்தாரான எங்களுக்குக் கடலை என்றால் அவித்துத் தாளிக்கும் கொண்டைக்கடலை. அவளுக்குக் கடலை என்றால் கச்சான்.

பிள்ளையின் கையைக் கழுவினோம். வித்யா மருந்து ஊசியைப் பிடித்தபடி அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தட்டு அப்படியே குப்பைக்குப் போனது.

இரண்டு தமிழச்சிகளுக்கு நடுவே ஒரு பிரெஞ்சுச் சொல் நின்று காப்பாற்றியிருக்கிறது.

உங்கள் வீட்டில் கடலை என்றால் எது? எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவேன்.