மெஷினுக்குக் கிழமை தெரியாது

தச்சநல்லூரில் எங்கள் தெருவில் பணத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எங்கள் வீட்டு அழைப்புமணியைத்தான் அடிப்பார்கள். மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் எடுக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இலவச ஆலோசனைக்கு அதுவே தாராளம். நகைச்சீட்டு போடலாமா, மனை வாங்கிப் போடலாமா என்று வருகிறவர்களைக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பாடம் எடுப்பேன். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வை. கடன் வாங்கித் தங்கம் வாங்காதே. மருத்துவக் காப்பீடு எடு. தவணையை ஆட்டோ டெபிட்டில் போட்டுவிட்டு அதை மறந்துவிடு.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு ஒரு மிதப்பு வரும். இப்போது நினைத்தால் என் வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

என் ஆலோசனை செல்லுபடியாகாத ஒரே இடம் என் வீடு. என் கணவர் டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். வியாபாரத்தில் படு கெட்டி. ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது, போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பதில் அவரை அசைக்க முடியாது. பால்காரரும் கேபிள்காரரும் பழகிவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வாசலை எட்டிப் பார்க்க மாட்டார்கள். கடையில் மட்டும் வெள்ளிக்கிழமை வரவு ஜோராக நடக்கும். ஊரார் வீட்டு லட்சுமி எங்கள் கல்லாவுக்கு வருவதில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் காப்பீட்டை அவர் பெயரில்தான் முதலில் எடுத்தேன். சர்க்கரையால் வரும் செலவுகளுக்கு மூன்று வருடம் பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள். பொறுத்தோம். வருடா வருடம் நானே நேரில் போய்க் கட்டினேன். மூன்று வருடமும் முடிந்த தெம்பில், இனி அலைச்சல் எதற்கு என்று, அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும்படி செய்துவிட்டேன்.

"அந்த நாள் வெள்ளிக்கிழமையா வந்தா?" என்று கேட்டார்.

"மெஷினுக்குக் கிழமை தெரியாதுங்க. அது பாட்டுக்கு எடுத்துக்கிடும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"அதுக்குத் தெரியலைன்னா நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் சொல்லி அங்கேயும் எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் ஒருவர் செல்போனில் வந்த எதையோ தொட்டுப் பணத்தைப் பறிகொடுத்தார். உடனே வீட்டில் ஒரு விசேஷ வகுப்பு எடுத்தேன். "பேங்க்குன்னு வந்தாலும் சரி, இன்சூரன்ஸுன்னு வந்தாலும் சரி, எதையும் அமுக்காதீங்க. பாத்த ஒடனே அழிச்சிருங்க." அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, கடையில் பெயிண்ட் டப்பாவை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரத்தக்குழாயில் அடைப்பு என்று அன்று சாயங்காலமே ஸ்டென்ட் வைத்தார்கள். கையில் இருந்ததை முன்பணமாகக் கட்டிவிட்டுக் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். ஆள் உள்ளே உயிருக்குப் போராடும்போதும் அதை நீட்டுகையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் கூப்பிட்டாள்.

"மேடம், இந்தப் பாலிசி காலாவதியாயிட்டு. தவணை போகல. பெறகு ஒரு மாசம் டைம் குடுத்து, நாலு தடவ மெசேஜும் அனுப்பியிருக்காங்க. கட்டலையே."

அவருடைய செல்போன் என் பையில்தான் இருந்தது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். தவணை நாளுக்கு முந்தின வியாழக்கிழமை வங்கிக்குப் போய்ப் பணம் முழுவதையும் வழித்து எடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியிருக்கிறது. சனிக்கிழமை எடுத்ததைப் பைசா குறையாமல் திரும்பக் கட்டியிருக்கிறார். லட்சுமி ஒரு நாள் எங்கள் பீரோவில் பத்திரமாகத் தங்கிவிட்டுப் போயிருக்கிறாள். மெஷினுக்கு அவர் கிழமை சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்த நாலு மெசேஜைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. பார்த்த உடனே அழித்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வராந்தாவில் நின்றபடியே சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. மனுஷன் கண் முழிக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டே வங்கிக்கு ஓடினேன். தனியாக வைத்திருந்த ஆறு மாதச் செலவுப் பணத்தை எடுத்தேன். நான் நடத்தியதில் அந்த ஒரு பாடமாவது தேறியது. அதுவும் போதவில்லை. கையிலிருந்த நாலு வளையலையும் கழற்றி அங்கேயே அடகுக்கு வைத்தேன்.

நகையை உரசிப் பார்க்கிறவர் தெரிந்த மனிதர்தான். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வளையலக் கழட்டுதீங்களே டீச்சர்?" என்று தயங்கினார்.

"லட்சுமி முன்னாலயே கெளம்பிட்டா அண்ணாச்சி. இது தொணைக்குப் போகுது. நீங்க எடை போடுங்க" என்றேன். அவர் தராசை இழுத்து வைத்தார்.

ஆஸ்பத்திரியில் பணத்தைக் கட்டி ரசீதை வாங்கியபோது மத்தியானமாகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஐந்து நிமிடம் விட்டார்கள். சன்னல் கிடையாது, ராத்திரியும் பகலும் ஒரே வெளிச்சம். கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். கடையில் அந்தச் சத்தம் போடுகிறவர் இவ்வளவு சின்ன ஆளா என்று இருந்தது. கறுவிக்கொண்டு வந்த கேள்வியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எனக்கு இருந்தது கோபமே இல்லை, இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த பயம். இவர் இல்லாமல் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்கிற பயம். வெறுங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏளா, பில்லு நெறைய வந்திருக்குமே?" என்றார். குரல் காற்றாக வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க பேசாமப் படுங்க."

"கட்டியாச்சா?"

"இனிமேத்தான்."

கண்ணை மூடி மூச்சு வாங்கினார். மறுபடி திறந்தார்.

"இன்னைக்கு என்ன கெழம?"

அட்டவணை போட்டுக் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். ஒரு தேதி தப்பினாலும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைப்பேன். முந்தானைக்குள் ரசீது வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"வியாழக்கெழமைங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது.

"அப்ப நிக்காத, வெரசாப் போயிக் கட்டிட்டு வா. நாளைக்கு வெள்ளிக்கெழம."