மஞ்சள் சட்டைக்குக் கிடைத்த சோறு

எனக்கு நிதானம் ஆகாது. பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் துணி கொடுத்தால் சாயங்காலம் ரவிக்கை தயார், அப்படி ஒரு கை. என்னைப் போய் தரங்கம்பாடி வரை சைக்கிளில் கூட்டிக்கொண்டு கிளம்பிய எங்கள் சைக்கிள் கூட்டத்துத் தலைவன் பிரேம்குமார், இரண்டாம் நாள் காலை அரியலூரில் எல்லோரையும் நிற்கவைத்து, இன்றைக்கு யாரும் வேகமாகப் போகக் கூடாது, ஊரைப் பார்த்துக்கொண்டே போவோம் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராமல், ஊரைப் பார்ப்பதாம் ஊரை.

எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். சர்க்கரைக்கு சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லப்போய், ஐம்பது தாண்டிய பிறகு சைக்கிள் வாங்கியவள். எல்லோருக்கும் பளீரென்று மஞ்சள் சட்டை தைத்ததும் நான்தான். சிமென்ட் லாரி ஓடுகிற ரோடு, மஞ்சள் என்றால் தூரத்திலேயே தெரியும் என்று நிறம் சொன்னவன் பிரேம்குமார். அப்படியும் ஒவ்வொரு லாரி உரசிப்போகும்போதும் அந்த டிரைவரின் பரம்பரையையே வைதுகொண்டு போனேன்.

டீக்கடை கண்ட இடமெல்லாம் நின்றோம். முந்திரி பூத்திருக்கிறது என்று நின்றோம். ஏரியில் கொக்கு இருக்கிறது என்று நின்றோம். விக்கிரமங்கலம் தாண்டும்போது உச்சி வெயில். ரோட்டோரம் ஒரு கீற்றுப் பந்தல். அதிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்து என் சைக்கிளுக்கு முன்னால் நின்றுவிட்டாள். நான் பிரேக் பிடித்த பிடியில் குப்புற விழாதது என் நல்ல காலம்.

"வாங்க சாமி. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க."

இந்தப் பக்கத்தில் மாசி, பங்குனியில் மஞ்சள் உடுத்திக்கொண்டு சமயபுரத்துக்கு நடந்துபோவார்கள். அவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுச் சோறு போடுவது ரோட்டோரத்து ஊர்களில் வழக்கம். எங்கள் சட்டையைப் பார்த்து அவள் அப்படி நினைத்துவிட்டாள். சமயபுரமோ நாங்கள் வந்த திசையில் இருக்கிறது. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவர்களை யாராவது சாமி என்பார்களா? அதற்குள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்த அவள் புருஷன், குடத்தோடு என் காலடியில் குனிந்துவிட்டான். நான் வெடுக்கென்று காலை இழுத்தேன். ஷூவுக்குள் இருக்கிற என் சாக்ஸின் வாடை எனக்கே ஆகாது.

நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அவள் கதையைச் சொன்னாள். பெயர் சுமதி. பிறந்தது வரதராஜன்பேட்டை. முந்திரி உடைக்கிற வேலை. கொட்டைத் தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. புருஷன் பெயர் அமாவாசை. போன வருஷம் ஒரு விடிகாலையில் அவன் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்திருக்கிறான். காலை எடுத்துவிடலாம் என்ற டாக்டரிடம், வேறு வழி பாருங்கள் சார், அதுவரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாளாம். கால் தப்பியது. வீட்டுக்கு வந்தபின் அவனைத் தோளில் தாங்கி நடக்கப் பழக்கியதும் அவள்தான். அவன் எழுந்து நடந்தால் பாதயாத்திரைக்காரர்களுக்குச் சோறு போடுகிறேன், போட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன் என்று மாரியம்மனுக்கு வேண்டுதல். விடியுமுன் எழுந்து புளிசோறும் தயிர்சோறும் கிண்டி இறக்கிவிட்டாள். பாலம் வேலை நடப்பதால் நடைக்கூட்டத்தை வேறு ரோட்டில் திருப்பிவிட்டார்கள் என்பது பந்தல் போட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அவள் உதடு காய்ந்துபோயிருந்தது.

பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று பிரேம்குமார் என் காதில் சொன்னான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் பட்டினியோடு நிற்கிறவளிடம் பொய்ச் சாமியாக உட்கார எனக்கு மனசு வரவில்லை.

"ஏம்மா, நாங்க கோயிலுக்குப் போறவங்க இல்ல. சும்மா கடல் பாக்கப் போறோம்" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கையில் இருந்த இலைக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன்தான் வாயைத் திறந்தோம் என்றிருந்தது எனக்கு. அமாவாசைதான் பேசினான். குடத்தைக் கீழே வைக்கவேயில்லை.

"பள்ளத்துல கெடந்த என்னைய ஒரு லாரிக்காரன்தான் தூக்கிட்டுப் போனான். அவன் எந்தக் கோயிலுக்குப் போயிட்டிருந்தான்? இலையைப் போடு சுமதி."

சுமதி அவனையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து இலைக்கட்டை அவிழ்த்தாள்.

நான் ஷூவைக் கழற்றினேன். அமாவாசைக்குக் கால் மடங்க மாட்டேன் என்றது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எங்கள் ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் புளிசோறு போல நான் சாப்பிட்டதில்லை, வெட்கப்படாமல் மூன்றாம் தரமும் வாங்கிக்கொண்டேன். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வழக்கம்போல வாய் திறந்தது, ஆனால் வசவு வரவில்லை. போயிட்டு வாப்பா என்று கையைத் தூக்கினேன். இவ்வளவு மெதுவாகக் கூட்டிவந்த பிரேம்குமாரும் அப்போது எனக்கு நல்லவனாகத் தெரிந்தான்.

கை கழுவியதும் சுமதி ஒரு தட்டில் குங்குமம் கொண்டுவந்து என் முன்னால் நீட்டி, வைத்துவிடச் சொல்லித் தன் நெற்றியைக் காட்டினாள். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். கல்யாண வீடுகளில் யாரும் சொல்வதற்கு முன்னால் நானாகவே பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறவள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேணாம்மா. எனக்கு வூட்டுக்காரர் இல்ல."

சுமதி தட்டை எடுக்கவில்லை.

"எங்க வூட்டுச் சோத்தைச் சாப்புட்ட கைதான்க்கா அது. வைங்க."

வைத்தேன். சுண்ணாம்புக் கட்டியால் துணியில் கோடு போட்டு ஒரு நாளும் கோணாத கை என்னுடையது. அந்தப் பொட்டு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. கோணலாக இருக்கிறது, அழித்துவிட்டு வைத்துக்கொள் என்றேன். இருக்கட்டும்க்கா என்று சொல்லிவிட்டு, அமாவாசை பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து சாப்பிடாதவள். நான் அவளுக்குப் பரிமாறினேன்.